ரோஜா பிறக்காத ஊர்

சுந்தரபாண்டியபுரத்தின் பெயரை ஊரறியச் செய்த பெண் அந்த ஊரில் பிறக்கவில்லை. எந்த ஊரிலுமே பிறக்கவில்லை. 1992-இல் வந்த மணிரத்னத்தின் ‘ரோஜா’ படத்து நாயகிக்குக் கதைப்படி இதுதான் சொந்த ஊர். ஊர் நிஜம், ஆள் கற்பனை. ஆனாலும் படம் பார்த்தவர்களுக்கு அவள் தென்காசிப் பக்கத்துப் பெண்ணாகவே தெரிந்தாள். பேர், பேச்சு, வீடு, உறவு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்ததால் நம்ப முடிந்தது. சாரல் காலத்தில் இங்கே சூரியகாந்தி வயலையும், சினிமா நட்சத்திரங்களின் முகங்கள் தீட்டிய பாறையையும் பார்க்க வருகிறவர்கள், இல்லாத அந்தப் பெண்ணின் ஊரைத்தான் ஒருவகையில் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இதே வட்டாரத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அங்கே என்றில்லை, உலகத்தில் எங்கே மென்பொருள் எழுதினாலும் இப்படிப்பட்ட ரோஜாக்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகிறார்கள். ரேஷன் கடைக்கோ மருத்துவமனைக்கோ ஒரு மென்பொருள் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், பிறந்த தேதி, முகவரி, கைபேசி எண் என்று தரவுத்தளத்தில் வரிசையாகக் கட்டங்கள். அவற்றில் லட்சம் பேரின் விவரத்தைப் போட்டு ஓட்டிப் பார்த்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். அந்த லட்சம் பேருக்கு எங்கே போவது?

நிஜ மனிதர்களின் விவரங்களை அப்படியே எடுத்துப் போடுவது சுலபம். ஆபத்தும் அதில்தான். 2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இன்னொரு வழி, வாய்க்கு வந்ததை நிரப்புவது: பெயர் ‘டெஸ்ட்’, ஊர் ‘ஏபிசி’, கைபேசி எண் பத்து ஒன்பதுகள். இதை வைத்துச் சோதித்த மென்பொருள் முதல் நிஜ வாடிக்கையாளரிடமே மண்ணைக் கவ்வும். இந்த இரண்டுக்கும் நடுவே பிறந்ததுதான் செயற்கைத் தரவு. யாருடைய விவரமும் அல்ல, ஆனால் யாருடையதாகவும் இருக்கக்கூடியது.

முதல் கட்டம் பெயர். பல மொழி நிரலாளர்களும் பயன்படுத்தும் ‘ஃபேக்கர்’ என்ற இலவச நிரல் நூலகம் இருக்கிறது. ஒரு வரி எழுதினால் போதும், பொய்ப் பெயர்களையும் முகவரிகளையும் மழையாகக் கொட்டும். அதன் பைத்தான் வடிவத்தில் தமிழுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஆனால் தமிழ்ப் பெயர் என்றால் எந்த ஊர்த் தமிழ்ப் பெயர்? தென்காசிச் சீமையில் இசக்கியும் சுடலைமாடனும் மாடசாமியும் பேச்சியம்மாளும் இருப்பார்கள். தென்காசிக் கோயில் அம்மன் பெயரால் உலகம்மாளும், சங்கரன்கோவில் அம்மன் பெயரால் கோமதியும் தெருவுக்குத் தெரு உண்டு. செய்யதும் மைதீனும் சாமுவேலும் அதே பட்டியலில் வருவார்கள். பெயர் வந்த விகிதத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். எல்லாப் பெயரையும் சமமாகக் குலுக்கிப் போட்டால் அது எந்த ஊராகவும் இருக்காது.

அடுத்த சிக்கல் இனிஷியல். மேற்கத்திய மென்பொருள் ‘குடும்பப் பெயர்’ கட்டாயம் என்று கேட்கும். நம்மிடம் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமான ‘எஃப்.என்.யு.’ அச்சாகி வருவது வெகுநாள் பழக்கம். அப்புறம் பார்த்தால் ஒரு கல்லூரி வகுப்பு நிறைய எஃப்.என்.யு.க்கள்!

தமிழில் இனிஷியல் எழுதினால் இன்னொரு வேடிக்கை. இனிஷியல்தானே என்று ஒரே ஓர் எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள். சுப்பையாவின் மகன் ‘சு’ என்று போடுகிறான். நம் கண்ணுக்கு ஓரெழுத்து. கணினிக்கு ‘ச’ ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. ‘ஸ்ரீ’ என்று போட்டால் நான்கு. ‘பொன்னையா’ இன்னும் மோசம். ‘பொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒரு விதமாகப் பதிந்த பொன்னையாவை இன்னொரு விதமாக எழுதித் தேடினால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று கணினி கையை விரிக்கும்.

இனி ஊர்ப் பெயர். சுந்தரபாண்டியபுரம் என்பதில் 11 எழுத்துகள். யூனிகோடில் அது 18 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால் மொத்தம் 54 பைட். ஆரக்கிள் போன்ற தரவுத்தளங்களில் கட்டத்தின் நீளத்தை வெறும் 50 என்று எழுதினால், மாற்றிச் சொல்லாதவரை அது 50 பைட் என்றுதான் கொள்ளப்படும். ‘தென்காசி’ தாராளமாக நுழையும். சுந்தரபாண்டியபுரத்துக்காரர் பதிவு செய்யும்போது பிழை வரும். இதே ஊரை ஆங்கிலத்தில் எழுதினால் 18 பைட்டில் முடிந்துவிடும் என்பதால், ஆங்கிலப் பெயர்களால் மட்டும் சோதித்தவருக்கு இந்தப் பள்ளம் கடைசிவரை தெரியாது.

அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான இந்த ஆறு இலக்கங்களில் முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலம். தென்காசி 627811, குற்றாலம் 627802. முதல் மூன்று இலக்கங்கள் திருநெல்வேலி வட்டாரத்தைச் சொல்கின்றன. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. அஞ்சல் எண்கள் மாறவில்லை. எனவே நம்பத்தகுந்த பொய்த் தரவில், பழைய பதிவுகளில் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றும் புதியவற்றில் ‘தென்காசி மாவட்டம்’ என்றும் கலந்து வரவேண்டும். குற்றாலத்தை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறவர்களும் அதில் இருக்கவேண்டும். நிஜத் தரவு ஒருபோதும் சுத்தமாக இருப்பதில்லை. பொய்யும் அந்த அளவுக்கு அழுக்காக இருக்கவேண்டும்.

பிறந்த தேதி இன்னும் சுவாரஸ்யம். ஆண்டுக்கு 365 நாள், எதையாவது எடு என்று கணினியிடம் சொன்னால் எல்லா நாளிலும் ஏறத்தாழ ஒரே அளவு குழந்தைகள் பிறப்பார்கள். நம் ஊர்ப் பெரியவர்களின் சான்றிதழ் அப்படி இல்லை. வலக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலம் அது. ஜூனில் பள்ளி திறக்கும். ஐந்து வயது நிறையும்படி ஒரு தேதியை வாத்தியார் எழுதிக்கொள்வார். மேயிலும் ஜூனிலும் இவ்வளவு பேர் பிறந்ததன் ரகசியம் இதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது கேட்டால் 40, 45, 50 என்று முழு எண்களில் கூட்டம் சேர்வதும் இந்த வகைதான். அந்தக் குவியலை அளக்கவே ‘விப்பிள் குறியீடு’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. குவியலே இல்லை என்றால் 100. எல்லோரும் 0, 5 என்று முடியும் வயதையே சொன்னால் 500.

ஆதார் எண்ணுக்கு வந்தால் பொய் சொல்வது கணக்குப் பாடம் ஆகிவிடும். பன்னிரண்டு இலக்கம், முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்காது, கடைசி இலக்கம் மற்ற பதினொன்றையும் சரிபார்க்கும் காவல்காரன். நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969-இல் வகுத்த முறை இது. ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இந்த விதிகளுக்கு உட்பட்டு மொத்தம் 8,000 கோடி எண்கள் சாத்தியம். வழங்கப்பட்டவையோ 130 கோடிக்கும் மேல். ஆக, விதிப்படி சரியான எண்களைக் குருட்டாம்போக்கில் ஆயிரம் உருவாக்கினால் அவற்றில் சராசரியாகப் பதினாறு எண்களாவது நிஜமாகவே யாரோ ஒருவருடையதாக இருக்கும்! ஆதார் ஆணையம் நிரலாளர்களின் சோதனைக்கென்றே சில எண்களை வெளியிட்டிருக்கிறது.

இது வெறும் காகிதப் பயம் அல்ல. 2024-இல் ‘அமரன்’ படத்தில் நாயகியின் கைபேசி எண்ணாகத் திரையில் தெரிந்தது, சென்னைக் கல்லூரி மாணவர் ஒருவரின் எண். படம் பார்த்தவர்களின் அழைப்புகள் அவர் கைபேசியில் வந்து குவிந்தன. அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபின் அந்த எண் படத்திலிருந்து மறைக்கப்பட்டது. அமெரிக்காவில் கதைகளுக்கென்றே 555-இல் தொடங்கும் நூறு எண்களை யாருக்கும் தராமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே சரியாக நிரப்பினாலும் வேலை முடிவதில்லை. எட்டு வயதுப் பையனிடம் ஓட்டுநர் உரிமம், இருபது வயதுக்காரருக்கு முதியோர் உதவித்தொகை என்று வந்து நிற்கும். குற்றாலத்து விடுதி ஒன்றின் பதிவேட்டைப் பொய்யாக உருவாக்கினால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசனில் அறைகள் நிரம்பி வழியவேண்டும், அருவி காய்ந்த மார்ச்சில் சாவிகள் ஆணியில் தொங்கவேண்டும். குடும்ப அட்டை ஒரு பட்டியலிலும் உறுப்பினர்கள் இன்னொரு பட்டியலிலும் இருந்தால், எந்த அட்டையிலும் சேராத பிள்ளை ஒன்றுகூட இருக்கக்கூடாது. ரோஜாவை நம்பவைத்த அதே பொருத்தம்தான் இங்கேயும் வேண்டியிருக்கிறது.

பொருத்தத்தை ஆள் வைத்து எழுதாமல், தரவிடமிருந்தே கற்றுக்கொள்ளும் கருவியை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கல்யாண் வீரமாசனேனியும் நேஹா பட்கி, ராய் வெட்ஜ் ஆகியோரும் 2016-இல் வெளியிட்டார்கள். ‘செயற்கைத் தரவுப் பெட்டகம்’ என்பது அதன் பெயரின் பொருள். ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன, ஒன்று ஏறும்போது மற்றொன்று ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் அது கணக்கில் பிடித்துக்கொள்ளும். பிறகு நிஜ ஆட்களை ஒதுக்கிவிட்டு அந்தக் கணக்கிலிருந்து புது ஆட்களைப் பிறப்பிக்கும். 39 தரவு வல்லுநர்களை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு நிஜத் தரவு, சிலருக்குப் பொய். செய்த 15 ஒப்பீடுகளில் 11-இல் இரு தரப்பு முடிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

2019-இல் வீரமாசனேனி உள்ளிட்டோர் நரம்புப் பின்னல்களைப் பயன்படுத்தும் ‘சி.டி.கேன்’ முறையைக் கொண்டுவந்தார்கள். கருப்பட்டியில் சீனிப்பாகு கலப்பவரும், நாக்கில் வைத்தே அதைச் சொல்லிவிடும் கிழவியும் தினமும் மோதுவதுபோல, ஒரு பின்னல் பொய்த் தரவு தயாரிக்கும், இன்னொன்று கண்டுபிடிக்கும். ஒவ்வொரு முறை அகப்படும்போதும் கலப்பவரின் கை தேறும். கிழவியே ஏமாறும் கட்டத்தில் சரக்கு தயார்.

கை அளவுக்கு மீறித் தேறிவிட்டால்? அப்போது அந்தப் பின்னல் புது ஆட்களைப் பிறப்பிக்காமல் பழைய ஆட்களையே மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் நாராயணன் காட்டியிருக்கிறார். நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் ஏறத்தாழ 4.8 லட்சம் சந்தாதாரர்களின் திரைப்பட மதிப்பெண்களைப் பெயரில்லாமல் போட்டிக்காக வெளியிட்டது. எந்தப் படத்துக்கு எப்போது எத்தனை மதிப்பெண் என்பதை ஐ.எம்.டி.பி. தளத்தின் பொது விமர்சனங்களோடு ஒப்பிட்டு, சிலர் இன்னார்தான் என்று அவரும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வு 2008-இல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து நெட்ஃபிளிக்ஸ் தன் அடுத்த போட்டியைக் கைவிட்டது.

சிற்றூரில் இந்த ஆபத்து இரட்டிப்பு. ‘வயது 101, பெண், சுந்தரபாண்டியபுரம்’ என்று ஒரு வரி வந்தால் பெயரே தேவையில்லை, டீக்கடையில் கேட்டால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். இதற்காகவே சிந்தியா டுவோர்க் முதலியோர் 2006-இல் வகுத்த முறையில், தனி ஒருவர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஏறத்தாழ மாறாதபடி, அளந்து இரைச்சல் சேர்க்கிறார்கள். 2020 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் இந்த முறை கையாளப்பட்டது. இரைச்சல் கூடினால் ரகசியம் காக்கப்படும். ஆனால் சிற்றூரின் முகம் கலங்கிப் போகும். எவ்வளவு சேர்ப்பது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

எல்லாம் கூடி வந்தால் ஒரு வரி இப்படி இருக்கும்: சு. இசக்கியம்மாள், சுடலை மனைவி. பிறந்த தேதி 1958 ஜூன் 1. ஊர் சுந்தரபாண்டியபுரம், 54 பைட். அட்டை பழையது என்பதால் மாவட்டம் திருநெல்வேலி. முதியோர் உதவித்தொகை உண்டு, ஓட்டுநர் உரிமம் இல்லை. கைபேசி எண் என்ற கட்டத்தில் பேரனின் எண் இருக்கிறது. அதே எண்ணை அந்தத் தெருவில் இன்னும் மூன்று பாட்டிகள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு எண் ஒருவருக்குத்தான் என்று எழுதப்பட்ட மென்பொருள், இரண்டாவது பாட்டியிடமே நின்றுவிடுகிறது.