ஹேடோவிலிருந்து லண்டனுக்கு எத்தனை கை?

அந்தமானின் ஹேடோ துறையில் பெரிய கப்பல் வந்து கட்டும்போது இறங்குகிறவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சென்னையிலிருந்து சுமார் மூன்று நாள் கடலில் கிடந்துவிட்டு, பெட்டியும் மூட்டையும் தோளில் தூங்கும் குழந்தையுமாக இறங்கும் அந்தக் கூட்டம் பார்க்க வைப்பதுதான். எனக்கோ கண்ணில் படாத இன்னொருவர் மேல்தான் ஆர்வம். சரக்குக் கப்பல் ஒன்று பழக்கமில்லாத துறைக்கு வருகிறது என்றால், கரையில் அதற்கென்று ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் இருப்பார். கப்பல் கட்ட இடம் கேட்பது, சுங்கத்துக்குத் தாள் கொடுப்பது, தண்ணீரும் டீசலும் ஏற்பாடு செய்வது, மாலுமிக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரை அழைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கப்பலும் அவருடையதில்லை, சரக்கும் அவருடையதில்லை. எந்தக் கதவை எப்போது தட்டவேண்டும் என்பது அவருக்குத் தெரியும், அதற்குத்தான் கூலி.

நாவலுக்கும் இப்படி ஒருவர் உண்டு. ஆங்கிலப் பதிப்புலகில் அவரை லிட்டரரி ஏஜென்ட் என்பார்கள், இலக்கிய முகவர். ஹேடோவில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து முதல் நாவலை எழுதி முடித்தவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தமானில் சுமார் 15 விழுக்காடு மக்களுக்குத் தாய்மொழி தமிழ் என்கிறது 2011 கணக்கெடுப்பு. ஆகவே அவர் தமிழராக இருப்பது வியப்பில்லை. அவர் கைப்பிரதி தீவைத் தாண்டி எப்படிப் போகும்? இந்தக் கேள்விக்குச் சமூகவியலிலும் கணிதத்திலும் கிடைத்திருக்கும் விடைகள், நாவலைப் போலவே ஆச்சரியமானவை.

முதலில் ஒரு பழைய பயணம். சென்னையில் 1906இல் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண், தன் முதல் நாவலான ‘சுவாமியும் சிநேகிதர்களும்’ கைப்பிரதியை லண்டன் பதிப்பாளர்களுக்கு அனுப்பி அனுப்பித் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார். கப்பல் தபால், போக வாரங்கள், வர வாரங்கள். மைசூரில் பழகிய நண்பர் பூர்ணா அப்போது ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மனம் வெறுத்த நாராயண், பிரதியோடு ஒரு கல்லைச் சேர்த்துக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி அவருக்கு எழுதிவிட்டார். பூர்ணா அதைச் செய்யவில்லை. ஆக்ஸ்போர்டில் குடியிருந்த ஓர் இளம் எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் பெயர் கிரஹாம் கிரீன். கிரீன் படித்தார், அசந்துபோனார், ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகத்திடம் பரிந்துரைத்தார். நாராயணசுவாமி என்ற நீளமான பெயரைச் சுருக்கச் சொன்னவரும் அவர்தான். 1935இல் புத்தகம் வந்தது. பிறகு கிரீனின் முகவரான டேவிட் ஹையம், நாராயணுக்கும் முகவரானார்.

மைசூருக்கும் லண்டன் பதிப்பாளர் மேசைக்கும் இடையில் இரண்டே பேர். வெறும் அதிர்ஷ்டம் என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் இப்படிக் கை மாறிப் போவதை 1960களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் சோதனையாகவே செய்து பார்த்தார். அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலும் பாஸ்டனிலுமாக 296 பேரைப் பிடித்து, பாஸ்டனில் வேலை பார்த்த ஒரு பங்குத் தரகருக்கு ஒரு கோப்பைச் சேர்க்கச் சொன்னார். நேரே அனுப்பக்கூடாது. அவரை அறிந்திருக்கக்கூடிய, உங்களுக்கு நேரில் பழக்கமான ஒருவருக்குத்தான் அனுப்பலாம். அவரும் அப்படியே செய்யவேண்டும். சேர்ந்த கோப்புகளை எண்ணினால், நடுவில் சராசரியாக ஐந்து பேருக்குக் கொஞ்சம் மேல். உலகம் சிறியது என்று நாம் சொல்லும் பேச்சுக்கு இந்தச் சோதனைதான் எண் கொடுத்தது.

ஆனால் அதே ஆய்வில் இரண்டு தகவல்கள் அதிகம் பேசப்படுவதில்லை. நாவல் எழுதியவருக்கு அவைதான் முக்கியம். ஒன்று, 296 கோப்புகளில் 64 மட்டுமே போய்ச் சேர்ந்தன. மற்றவை எங்கோ யாரோ ஒருவர் மேசையில் நின்றுவிட்டன. மறுப்புச் சொல்லிக்கூட அல்ல, அனுப்பாமல் விட்டதால். இரண்டு, போய்ச் சேர்ந்த 64இல் ஏறத்தாழப் பாதி, கடைசிக் கட்டத்தில் மூன்றே பேர் கைவழியாகச் சென்றன. எங்கெங்கோ கிளம்பியவை அந்த மூவரிடம் வந்து குவிந்து தரகரை அடைந்தன. அவர்களை யாரும் நியமிக்கவில்லை. பலரோடு பழக்கம் வைத்திருந்தார்கள், அவ்வளவே. அப்படி ஓர் இடத்தில் நிற்பதையே தொழிலாகச் செய்பவர்தான் முகவர்.

அந்த இடம் ஏன் அவ்வளவு மதிப்பானது? ஆயிரம் வீடுகளை ஒரு வட்டமாக அடுக்கிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து வீடுகளோடு மட்டும் பழக்கம். ஏதோ ஒரு வீட்டிலிருந்து வேறு ஏதோ ஒரு வீட்டுக்குச் செய்தி போக, சராசரியாக ஐம்பது கை மாறவேண்டும். இப்போது நூற்றில் ஒரு பழக்கத்தை மட்டும் வெட்டி, வட்டத்தின் ஏதோ ஒரு மூலையோடு இணையுங்கள். கை மாறும் எண்ணிக்கை கால்பங்குக்கும் கீழே விழுந்துவிடும். தெருவில் எதுவும் மாறியதாக யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பழக்கங்கள் அப்படியே இருக்கும். 1998இல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கணக்கு இது. முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தமான் வரைபடம்தான் கண்முன் வந்தது. ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து தீவுக்குத் தீவு போகும் படகுகள் எல்லாம் பக்கத்து வீட்டுப் பழக்கங்கள். ஹேடோவிலிருந்து சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் போகும் ஒருசில கப்பல்கள் நெடுந்தொடர்புகள். அவற்றை நிறுத்தினால் தீவுக்குள் எல்லாம் வழக்கம்போல நடக்கும், உலகம் மட்டும் மிகத் தொலைவுக்குப் போய்விடும்.

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று விசாரித்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடு. எப்போதாவது, அபூர்வமாக என்றவர்கள் மீதி அத்தனை பேரும். காரணம் எளிது. தினமும் டீ குடிக்கும் நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்ததுதான். புதிய கதவு எப்போதும் அரைகுறைப் பழக்கத்துக்கு அப்பால் இருக்கிறது. பூர்ணா நாராயணுக்கு நெருக்கம். ஆனால் பூர்ணாவுக்குக் கிரீன் புதுப் பழக்கம். சங்கிலியில் வேலை செய்தது அந்த மெல்லிய கண்ணி.

முகவர்த் தொழில் லண்டனில் 1875 வாக்கில் ஏ.பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரரால் தொடங்கியது. எழுத்தாளர் வருவாயில் பத்து விழுக்காடு அவர் கூலி. கிப்ளிங், கானன் டாயில் போன்றவர்கள் அவரிடம் வந்தார்கள். நடுவில் ஓர் ஆள் எதற்கு என்று பதிப்பாளர் சிலர் எரிச்சல்பட்டார்கள். ஆனாலும் தொழில் நிலைத்தது. ஏன் என்பதற்கு, பழைய கார் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய பொருளியல் கட்டுரையில் விளக்கம் இருக்கிறது. வாங்குகிறவருக்கு எந்தக் கார் நல்லது, எது ஓட்டை என்று தெரியாது. விற்கிறவர் எல்லோரும் நல்லது என்றே சொல்வார்கள். ஆகவே வாங்குகிறவர் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல காரை வைத்திருப்பவர் விற்கமாட்டார். மெல்ல மெல்லச் சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும். கைப்பிரதிக்கும் இதே நோய். தன் நாவல் சுமார்தான் என்று எந்த எழுத்தாளர் கடிதம் எழுதுவார்? நாளையும் அதே பதிப்பாளர் முன் நிற்கவேண்டிய ஒருவர் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு எடை. இன்று ஓட்டையைத் தள்ளிவிட்டால் நாளை அவருக்குக் கதவு திறக்காது.

இதனால்தான் படிப்பதற்குக் கட்டணம் கேட்கும் முகவரை நம்பக்கூடாது. அமெரிக்க முகவர் சங்கத்தின் விதியே அதைத் தடுக்கிறது. நாவல் விற்றால்தான் தனக்குப் பணம் என்ற நிலையில் இருக்கும்வரை, அவர் தேர்வு உண்மையானது. எழுத்தாளரிடமே வாங்கத் தொடங்கினால், எல்லோரையும் பாராட்டுவதே அவருக்கு லாபம். இன்றைய வழக்கம், உள்நாட்டு விற்பனையில் 15, வெளிநாட்டு உரிமைகளில் 20 விழுக்காடு. இதைத் தவிர ஒரு ரூபாய் முன்னே கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். முதல் நாவல் எழுதியவரின் ஆசையைக் காசாக்க எல்லா மொழியிலும் ஆள் இருக்கிறது.

நடைமுறையில் செய்யவேண்டியது அதிகமில்லை. புனைவு என்றால் முழுவதும் எழுதி, திருத்தி முடித்திருக்கவேண்டும். பாதி நாவலை யாரும் எடுக்கமாட்டார்கள். ஒரு பக்கக் கடிதம், கதைச் சுருக்கம், முதல் இரண்டு மூன்று அத்தியாயங்கள். அந்த முகவர் யார் யாருக்கு வேலை செய்திருக்கிறார் என்று பார்த்து, நம் எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் அனுப்பவேண்டும். பெங்களூரில் 1997இல் தொடங்கிய ஜக்கராண்டா, ஜெய்ப்பூரின் சியாஹி, டெல்லியின் ரெட் இங்க் என்று இந்தியாவிலேயே முகவர் நிறுவனங்கள் உண்டு. ரெட் இங்கின் அனுஜ் பஹ்ரி, பதிப்பாளர்கள் தொடர்ந்து மறுத்த அமீஷ் திரிபாதியின் ‘மெலூஹாவின் அமரர்கள்’ நாவலை 2010இல் தானே அச்சிட்டார். பின்னால் அது எவ்வளவு விற்றது என்பது ஊரறிந்தது.

சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் இழுக்கப்பட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு, ஹேடோவிலிருந்து ஒரு நாவல் லண்டனுக்குப் போக நொடிகள் போதும். பதில் வர மட்டும் இன்றும் நாராயண் காலத்து மாதங்கள்தான். படிக்கும் வேகத்தை எந்தக் கேபிளும் கூட்டவில்லை.

மறுப்பு வரும். நிறைய வரும். அது என்ன அளக்கிறது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்டது. யாரும் கேட்டிராத 48 பாட்டுகள், இணையத்தில் 14,341 பேர். இவர்களில் பெரும்பகுதியினரை ஒருவரையொருவர் அறியாத எட்டு தனி உலகங்களாகப் பிரித்து, பிறர் எதை எவ்வளவு இறக்கிக்கொண்டார்கள் என்பதை அந்தந்த உலகத்துக்குள் மட்டும் காட்டினார்கள். ஓர் உலகத்தில் உச்சிக்குப் போன பாட்டு இன்னொன்றில் வெகு கீழே கிடந்தது. மிக நல்லவை அடியில் விழுந்தது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு ஏறியதும் அரிது; நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்று இருந்தது. ஆகவே ஒரு முகவரின் மறுப்பில் நாவலின் தரமும் இருக்கிறது, அன்றைய காற்றும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த ஒரு கடிதத்தால் முடியாது. பத்துப் பேர் ஒரே குறையைச் சொன்னால் அது தரம். மேலே சொன்ன கிரானவெட்டரின் கட்டுரையையே முதலில் ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. அகெர்லாஃபின் கட்டுரையை மூன்று இதழ்கள் மறுத்தன. அதற்குத்தான் 2001இல் நோபல் பரிசு.

தமிழில் எழுதுகிறவருக்குக் கதை வேறு. 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தொட்டு இன்றுவரை, தமிழ் நாவலாசிரியருக்குப் பெரும்பாலும் நடுவில் ஆள் கிடையாது. பிரதியை எடுத்துக்கொண்டு நேரே பதிப்பாளரிடம் போவதுதான் வழக்கம். அதில் ஒரு நெருக்கம் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். ஆனால் ஒப்பந்தம் படிக்க ஆள் இல்லாததன் விலையை எழுத்தாளர்தான் கொடுக்கிறார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 19இல் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. எழுத்தில் கையொப்பமிடாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே பொருள்படும். இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடும் புது எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல் என்று ஒவ்வொன்றும் தனி உரிமை. ஒரே வரியில் எல்லாவற்றையும் எழுதிக்கொடுக்கத் தேவையில்லை.

வெளிமொழிக்குப் போவதற்கு, தமிழில் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர்தான் முதல் நெடுந்தொடர்பு. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் இங்கிலாந்தில் இருந்துகொண்டு சல்மாவின் நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’, அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் 2023 சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஜனவரியில் தமிழ்நாடு அரசு சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கியது. புத்தகம் விற்பதற்கான காட்சி இல்லை அது, உரிமை விற்பதற்கானது. ஒரு நெடுந்தொடர்பு நம் கண்முன் போடப்படுகிறது.

அந்தமானை முழுதாகவோ பகுதியாகவோ களமாகக் கொண்ட இரண்டு முதல் நாவல்கள் ஆங்கிலத்தில் எனக்குத் தெரியும்: பங்கஜ் சேக்சரியாவின் ‘த லாஸ்ட் வேவ்’, 2014, சுபாங்கி ஸ்வரூப்பின் ‘லாட்டிட்யூட்ஸ் ஆஃப் லாங்கிங்’, 2018. இருவரும் தீவுக்கு வெளியிலிருந்து வந்து எழுதியவர்கள். ஹேடோவில் வளர்ந்தவர் எழுதும் நாவலை நான் படிக்க ஆசைப்படுகிறேன். அவர் நண்பர்கள் அதைப் பாராட்டட்டும். கூடவே, எப்போதோ ஒருமுறை பேசிய கல்லூரி ஆசிரியர், சென்னைக்கு மாற்றலாகிப் போன அதிகாரி, சிற்றிதழில் கதை படித்துவிட்டுக் கடிதம் எழுதிய முகம் தெரியாத வாசகர் ஆகியோருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

நாராயணின் முதல் நாவல் சரியாக விற்கவில்லை. ஹாமிஷ் ஹாமில்டன் அவரைக் கைவிட்டது. 1937இல் இரண்டாவது நாவலை நெல்சன் வெளியிட்டது, 1938இல் மூன்றாவதை மேக்மில்லன். பதிப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கிரீன் மாறவில்லை. நாராயணும் கிரீனும் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டது 1956இல், லண்டனில். அதற்குள் நாராயணின் ஏழு நாவல்கள் வந்துவிட்டிருந்தன.