அண்ட்/ஆர்

ஆங்கிலத்தில் ‘அண்ட்’ என்னும் சொல் இரு பொருள்களைச் சேர்ப்பது. ‘ஆர்’ என்பது அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள விடுவது. இவ்விரண்டன் இடையே ஒரு சாய்கோட்டை இட்டு, ‘அண்ட்/ஆர்’ என எழுதுவாரும் உளர். முதலதோ, இரண்டாவதோ, இரண்டுமோ என மூன்று நிலைகளையும் ஒருங்கே சுட்ட எழுந்த தொடர் இது. ஏட்டில் வாழும் இத்தொடர் பேச்சுக்குப் பொருந்துவதன்று. சாய்கோட்டை வாயால் எங்ஙனம் ஒலிப்பது?

1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இதனைப் பற்றிய வழக்கு ஒன்று நிகழ்ந்தது. கப்பலை வாடகைக்கு அமர்த்திய முறியில், ‘சர்க்கரை, வெல்லப்பாகு அண்ட்/ஆர் சட்டத்திற்கு இசைந்த பிற விளைபொருள்’ நிறைய ஏற்றப்படும் என எழுதியிருந்தனர். வணிகர் சர்க்கரையையும் பாகையும் பெரும் பீப்பாய்களில் அடைத்து ஏற்றினர். உருண்ட பீப்பாய்களுக்கு இடையே வெற்றிடம் கிடப்பது இயல்பன்றோ? அவ்விடத்தைப் பிற பொருள்களால் நிரப்பியிருக்க வேண்டும் என்பது கப்பலுக்குரியோர் வாதம். சரக்குக் குறைந்தால் அவர்களுக்குக் கூலியும் குறையும். பிற பொருளை ஏற்றுவதும் விடுவதும் வணிகர் விருப்பமே என்று முடிவாயிற்று.

தெரிந்தெடுக்கும் உரிமை ஒருவரிடம் தெளிவாக இருக்கும்வரை இத்தொடரால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் ஒருவர் தம் உயிலில், ‘என் நன்செய் மூத்த மகனுக்கு அண்ட்/ஆர் இளைய மகளுக்கு’ என்று எழுதி இறந்துவிட்டால், நிலம் யாருக்கு உரியது? எழுதியவர் எழுந்து வந்து விளக்கப் போவதில்லை. குற்றப்பத்திரிகையில், ‘திருடினான் அண்ட்/ஆர் திருட்டுப் பொருளை வாங்கினான்’ என்றிருப்பின், குற்றஞ்சாட்டப்பட்டவன் எதனை மறுப்பான்? 1935-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உயர்முறை மன்றம், மயக்கந்தரும் இருமுகச் சொல் என்று இதனை இகழ்ந்தது. 1944-இல் இங்கிலாந்தின் சைமன் பிரபுவும், முறைபிறழ்ந்த இணைப்பு என்று கடிந்தார்.

அவ்வாறாயின் மூன்று நிலைகளையும் குறிக்க வழி யாது? 1860-இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை 1-ஆம் நாள் புதிய சட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தைக் காண்க. திருட்டுக்குரிய 379-ஆம் பிரிவு, மூன்றாண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என விதித்தது. ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்குரிய 420-ஆம் பிரிவோ ஏழாண்டுவரை சிறையையும், அதனோடு அபராதத்தையும் விதித்தது. ஒருவன் சிறை புகுவதும் புகாதிருப்பதும் இத்தகைய இடைச்சொற்களைப் பொறுத்தன. சாய்கோடு அங்கே தேவைப்படவில்லை. ‘அல்லது இரண்டும்’ என்னும் இரு சொற்களே போதியனவாயின.

பல இடங்களில் அவையும் வேண்டா. ‘மழை ஆர் புயல் வரின் ஆட்டம் நடைபெறாது’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதினால், இரண்டும் சேர்ந்து வரும்போது ஆட்டம் உண்டு என்று எவரும் கொள்ளார். ‘ஆர்’ ஒன்றே அங்குப் போதும்.

தமிழ்ப் படிவங்களிலும் இத்தொடர் ‘மற்றும்/அல்லது’ என வேடமிட்டுப் புகுந்துள்ளது. தமிழுக்கோ ‘உம்’, ‘ஆவது’, ‘ஏனும்’ என இடைச்சொற்கள் நிரம்ப உள. ‘தந்தை மற்றும்/அல்லது காப்பாளர் கையொப்பம்’ என்பதனை, ஒருவர் கையொப்பம் போதுமாயின் ‘தந்தையேனும் காப்பாளரேனும் கையொப்பமிடுக’ என்றும், இருவரும் வேண்டுமாயின் ‘தந்தையும் காப்பாளரும் கையொப்பமிடுக’ என்றும் எழுதலாம்.