கழற்றி மாட்டும் லேப்டாப்: பயனாளர்கள் இன்னும் என்ன கேட்கிறார்கள், ஏன் கிடைக்கவில்லை?

போன வருடம் என் லேப்டாப்பின் ஹிஞ்ச் உடைந்தது. ஸ்க்ரீனையும் கீழ்ப்பகுதியையும் பிடித்துவைக்கும் அந்தக் கீல்தான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் "ஹிஞ்ச் மட்டும் தனியா வராது, ஸ்க்ரீனோட சேர்ந்த முழு அசெம்பிளிதான்" என்று 19,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வாங்கிய விலை 62,000. நாலு வருடம் ஓடிய மெஷினுக்கு அதன் விலையில் 30 சதவீதம்.

டெல்லி நேரு பிளேஸில் மாடிப்படிக்குக் கீழே டேபிள் போட்டிருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்ததுமே காட்டினார்: உடைந்தது ஹிஞ்சே இல்லை. பிளாஸ்டிக் பாடிக்குள் பதித்திருந்த குட்டிப் பித்தளை நட்டுகள் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. வருடங்கள் போகப்போக ஹிஞ்ச் இறுகிக்கொண்டே போகும். திறக்கும்போது நாம் கொடுக்கும் அழுத்தம் மொத்தமும் அந்த நட்டுகள் மேல்தான் விழும். பசை வைத்து நட்டுகளை மறுபடி பதித்து, ஒன்றரை மணி நேரத்தில் 1,200 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார். கையோடு கையாக ரேமையும் 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கிவிடலாமா என்று கேட்டேன். மதர்போர்டைத் திருப்பி, சால்டர் செய்த சில்லுகளைக் காட்டிச் சிரித்தார். அதற்கு ஸ்லாட்டே கிடையாது.

லேப்டாப் சோறு போடும் யாருக்கும் இந்தக் கதை புதிதில்லை. சரி, இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'மாடுலர்' லேப்டாப் எங்கே வந்து நிற்கிறது?

இப்போது கையில் என்ன இருக்கிறது?

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் பெயர் ஃப்ரேம்வொர்க். ஆக்குலஸில் வேலை பார்த்த நிரவ் படேல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். 2021-ல் 13 இஞ்ச் லேப்டாப்போடு வந்தது. தடிமன் 15.85 மில்லிமீட்டர், எடை 1.3 கிலோ. 'ரிப்பேர் பண்ற மாதிரி செஞ்சா செங்கல் மாதிரி ஆகிடும்' என்ற பழைய சாக்கு அன்றோடு காலி. பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் அதற்கு 10-க்கு 10 கொடுத்தது.

அதைவிட முக்கியம், அடுத்தடுத்து நடந்தது. 2021-ல் வாங்கியவர் அதே பாடிக்குள் 12-ம், 13-ம் தலைமுறை இன்டெல் போர்டுகளையோ, பிறகு வந்த ஏஎம்டி போர்டுகளையோ மாட்ட முடிந்தது. 55 வாட்-ஹவர் பேட்டரி இருந்த இடத்தில் 61 வாட்-ஹவர் பேட்டரி உட்கார்ந்தது. புது வெப்கேம், 2.8கே ஸ்க்ரீன் எல்லாம் பழைய மெஷினிலும் பொருந்தின. ஹிஞ்ச் லூசாக இருக்கிறது என்று பலர் புலம்பியதும் இறுக்கமான ஹிஞ்ச் கிட் 24 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 19,000 ரூபாய் எஸ்டிமேட் வாங்கிய எனக்கு அந்த 24 டாலரைப் படிக்கும்போது கொஞ்சம் வலித்தது, உண்மை.

ஒரே சிக்கல், ஃப்ரேம்வொர்க் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனையில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். ஆனால் ஒரு ஹிஞ்ச் தேவைப்பட்டால் மறுபடி இன்னொரு நண்பர் ஊருக்கு வர வேண்டும்.

பெரிய ஆசை: ரேம். அது ஏன் இவ்வளவு கஷ்டம்?

பயனாளர்களின் விருப்பப் பட்டியலில் முதலில் நிற்பது எளிமையான ஒரு கோரிக்கை: ரேமை சால்டர் பண்ணாதீங்க. கம்பெனிகள் பேராசையால்தான் இப்படிச் செய்கின்றன என்று நானும் நினைத்திருந்தேன். பேராசையும் உண்டு, கூடுதல் ரேமுக்கு அவர்கள் வாங்கும் விலையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் பாதிக் கதை இயற்பியல்.

நமக்குத் தெரிந்த ரேம் ஸ்லாட்டின் பெயர் சோ-டிம். 90-களில் பிறந்த வடிவம். ஒரு நீளப் பலகை, அதன் ஓரத்தில் தங்க நிறக் கோடுகள். பிராசசரிலிருந்து ரேம் சில்லு வரை சிக்னல் போக வேண்டிய தூரம் அதிகம், நடுவில் ஒரு கனெக்டர் வேறு. வேகம் கூடக் கூட அந்தத் தூரத்தில் சிக்னல் மங்கும். பேட்டரியை மிச்சப்படுத்தும் எல்பிடிடிஆர் வகை ரேம் குறைந்த மின்னழுத்தத்தில், அதிக வேகத்தில் ஓடுவது. அதைப் பிராசசருக்குப் பக்கத்திலேயே சால்டர் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கம்பெனிக்கு. நமக்கு இல்லை.

இதற்கு ஒரு விடை வந்திருக்கிறது. 2022-ல் டெல் கேம் என்ற புது வடிவத்தைத் தன் லேப்டாப்பில் கொண்டுவந்தது. சில்லுகளைத் தாங்கிய பலகை போர்டின் மேல் தட்டையாகப் படுக்கும். ஸ்லாட்டில் சொருகுவதற்குப் பதிலாக ஸ்க்ரூ போட்டு அழுத்திவிடுவார்கள். தூரம் குறைகிறது, கழற்றவும் முடிகிறது. டெல்லின் தனிச் சொத்தாக இது இருந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. 2023 டிசம்பரில் ஜெடெக் அமைப்பு கேம்-2 என்று பொதுத் தரமாக வெளியிட்டதும் அது ஓரளவு போனது. குறைந்த மின்சக்தி வகைக்கு எல்பி-கேம்-2 என்று பெயர். 2024-ல் லெனோவோ திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை லேப்டாப்பில் இதைப் பார்த்தோம். அதன் பிறகும் விரல் விட்டு எண்ணும் அளவு மாடல்களில்தான் இருக்கிறது.

எல்லா இடத்திலும் இது செல்லாது என்பதற்கு ஃப்ரேம்வொர்க்கே சாட்சி. 2025-ல் அறிவித்த தங்கள் டெஸ்க்டாப்பில் ரேமை சால்டர் செய்தார்கள். 256-பிட் அகலத்தில் ரேமோடு பேசும் ஏஎம்டி பிராசசருக்குக் கழற்றக்கூடிய ரேமைப் பொருத்த ஏஎம்டியோடு சேர்ந்து முயன்றும் சிக்னல் தரம் ஒத்துவரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ரிப்பேர் பிரியர்கள் திட்டத்தான் செய்தார்கள். காரணத்தை மறைக்காததற்கு நான் ஒரு மார்க் போடுவேன்.

2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் பசியால் ரேம் விலை எகிறியபோது இந்த ஆசைக்கு அர்த்தமே மாறியது. பழைய ரேமைக் கழற்றிப் புது போர்டில் மாட்டிக்கொள்ள முடிந்தவருக்கு அந்த விலை ஏற்றம் ஒரு செய்தி. சால்டர் ரேம்காரருக்கு அது பில்.

மற்ற ஆசைகள்

போர்ட். ஃப்ரேம்வொர்க் 13-ல் நாலு எக்ஸ்பான்ஷன் கார்டுகள்தான். சார்ஜருக்கு ஒன்று போனால் மூன்று. ஆறாவது ஆக்குங்கள் என்பது நீண்ட நாள் கோரிக்கை. 16 இஞ்ச் மாடலில் ஆறு இருக்கிறது. நான் இந்த கார்டுகளை வேறு காரணத்துக்காக ரசிக்கிறேன். தினமும் சார்ஜர் சொருகிச் சொருகித் தேய்வது போர்டில் இருக்கும் போர்ட் இல்லை, வெளியே இருக்கும் மலிவான கார்டு. சார்ஜிங் போர்ட் ஆடிப்போய் போர்டையே தூக்கிப் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பேட்டரி. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். மாடல் நின்றுபோனால் ஒரிஜினல் கிடைக்காது. 'கம்பேட்டிபிள்' என்று விற்பதை வாங்கி, அது உப்பி டச்பேடைத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பெர்லினின் எம்என்டி ரிஃபார்ம் லேப்டாப் எட்டு 18650 செல்களைப் போட்டு ஓடுகிறது. டார்ச் லைட்டில் செல் மாற்றுவது போல மாற்றலாம். மெஷின் குண்டுதான். ஆனால் பொது வடிவச் செல் என்பது பத்து வருடம் கழித்தும் கிடைக்கும் செல்.

சிம் ஸ்லாட், திங்க்பேட் பாணி சிவப்புக் குமிழ், மவுஸுக்குத் தனிப் பட்டன்கள் என்று சிறுசிறு ஆசைகள் நிறைய. எல்லாம் நியாயமானவை, எல்லாமே சின்னச் சந்தை.

ஒரே கம்பெனியை நம்பலாமா?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். டெஸ்க்டாப்பில் 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற வடிவம் இருக்கிறது. எந்த கம்பெனி கேபினெட்டிலும் எந்த கம்பெனி மதர்போர்டும் உட்காரும். லேப்டாப்புக்கு அப்படி ஒரு பொது ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. ஃப்ரேம்வொர்க் பார்ட்ஸ் ஃப்ரேம்வொர்க்கில்தான் பொருந்தும். எக்ஸ்பான்ஷன் கார்டு வடிவமைப்பைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள், டீப்கம்ப்யூட்டிங் என்ற வேறொரு நிறுவனம் அதே பாடிக்கு ரிஸ்க்-5 போர்டு செய்திருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நாளை கம்பெனி கடையை மூடினால்?

இந்தப் பயம் கற்பனை இல்லை. 2019-ல் டெல்லின் ஏலியன்வேர் ஏரியா-51எம் லேப்டாப், பிராசசரையும் கிராஃபிக்ஸையும் மாற்றலாம் என்ற வாக்குறுதியோடு வந்தது. அடுத்த வருடமே புது மாடல் வந்தது. அதன் புதுப் பாகங்கள் முதல் மாடலில் பொருந்தவில்லை. கோபத்தில் வாங்கியவர்கள் 2021-ல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 'மாற்றலாம்' என்று விளம்பரம் செய்வது சுலபம். மாற்றுப் பாகத்தை மூன்று வருடம் கழித்துச் செய்து விற்பதுதான் கஷ்டம். அந்த வகையில் 2024 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த ஃப்ரேம்வொர்க் 16-க்கு 2025-ல் ஆர்டிஎக்ஸ் 5070 கிராஃபிக்ஸ் மாட்யூல் அறிவிக்கப்பட்டது சின்ன விஷயம் இல்லை. பழைய பாடியிலேயே பொருந்துகிறது.

சாஃப்ட்வேரையும் மறக்கக் கூடாது. பாகங்கள் வந்துகொண்டே இருந்தாலும் பயாஸ் அப்டேட் நின்றுபோனால் மெஷின் பாதி அனாதை. ஃப்ரேம்வொர்க்கே பழைய போர்டுகளுக்கு அப்டேட் தருவதில் தாமதித்தது. 2024-ல் நிரவ் படேல் அந்தக் குறையை ஒப்புக்கொண்டார். இன்னொரு பக்கம் 'பார்ட்ஸ் பேரிங்': ஒரிஜினல் பாகத்தையே வைத்தாலும் கம்பெனி சாஃப்ட்வேர் ஓகே சொன்னால்தான் முழுசாக வேலை செய்யும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-ல் இதற்குத் தடைச் சட்டம் போட்டது.

இந்தியாவில் என்ன நிலை?

பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப் விலைப் பலகையிலேயே 10-க்கு எத்தனை என்று ரிப்பேர் மதிப்பெண் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை பயனாளரே கழற்றி மாற்ற முடிய வேண்டும், அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் பேட்டரி கிடைக்க வேண்டும்.

நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் 'ரைட் டு ரிப்பேர்' குழு அமைத்தது, அந்த டிசம்பரில் ஒரு போர்ட்டலும் திறந்தது. ரிப்பேர் குறியீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. கம்பெனிகள் தாங்களே மதிப்பெண்ணை அறிவிக்க வேண்டும், கடையிலும் ஆன்லைனிலும் பெட்டியின் க்யூஆர் கோடிலும் அது தெரிய வேண்டும் என்பது பரிந்துரை. பேட்டரி, ஸ்க்ரீன், சார்ஜிங் போர்ட், ஸ்பீக்கர், ஏன், ஹிஞ்ச் கூட முக்கியப் பாகங்கள் பட்டியலில் இருக்கிறது. ஆனால் முதல் கட்டம் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும்தான். லேப்டாப் அதில் இல்லை.

இது எனக்குப் புரியவில்லை. போனை மாற்ற நமக்குக் காரணமே தேவையில்லை. லேப்டாப்பைத்தான் அஞ்சு, ஆறு வருடம் இழுத்துப் பிடிக்கிறோம். அந்தப் பொருளுக்குத்தான் மதிப்பெண் முதலில் வேண்டும். கம்பெனியே தனக்கு மார்க் போட்டுக்கொள்ளும் முறையை யார் சரிபார்ப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் சில்லு அளவில் ரிப்பேர் செய்யும் கைகள் இருக்கின்றன. அவர்கள் கேட்பது மாடுலர் டிசைன்கூட இல்லை: போர்டின் சர்க்யூட் வரைபடமும், தனியாக விற்கும் ஒரிஜினல் பாகமும்தான்.

இப்போது வாங்கப் போகிறவர் என்ன பார்க்கலாம்?

மாடல் பெயரோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று தேடுங்கள். பிரிக்கும் படங்களோடு பிடிஎஃப் கிடைத்தால் பாதி நிம்மதி. வணிக ரக லேப்டாப்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும். லெனோவோவின் திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறை ஐஃபிக்ஸிட்டிடம் 9 வாங்கியது. அடுத்து ஸ்பெக் ஷீட்டில் 'சால்டர்டு', 'ஆன்போர்டு' என்ற சொற்கள் ரேமுக்குப் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஐந்தாவது வருடம் உங்களுக்கு எவ்வளவு ரேம் தேவைப்படுமோ அதை இன்றே வாங்க வேண்டும், வேறு வழி இல்லை. எஸ்எஸ்டி எம்.2 ஸ்லாட்டில் இருக்கட்டும். கடைசியாக, பேட்டரியையும் ஹிஞ்சையும் தனியாக விற்கிறார்களா, என்ன விலை என்று பணம் கட்டுவதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

என் லேப்டாப் இன்னும் ஓடுகிறது. மூடியை மட்டும் இரண்டு கையால் திறக்கிறேன்.