காலி மேசைக்கும் வாடகை உண்டு

தொழில் வளரும்போது முதலில் நெருக்குவது இடம். "உட்கார இடமில்லை, பெரிய அலுவலகம் பார்த்திருக்கிறோம்" என்று கூறியே பல வாடிக்கையாளர்கள் கடன் விண்ணப்பத்தோடு வருகின்றனர். முன்பணத்தையும் உயரப்போகும் வாடகையையும் கணக்கிடும் அவர்கள், இப்போதுள்ள மேசைகளில் எத்தனை உண்மையில் பயன்படுகின்றன என்று எண்ணிப் பார்ப்பது அரிது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். தாளும் பென்சிலும் போதும்.

பத்து வேலை நாள்களுக்கு, நாளொன்றுக்கு எட்டு முறை, ஒருவர் அலுவலகத்தைச் சுற்றி வரவேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் மூன்றில் ஒரு குறி: ஆள் உண்டு, ஆள் இல்லை, ஆள் இல்லை, பொருள் மட்டும் உண்டு. துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கம் நம் பேருந்துகளோடு நின்றுவிடவில்லையாதலால் மூன்றாவது குறி மிகவும் தேவை.

எடுத்துக்காட்டாக, 40 ஊழியர்கள், 40 மேசைகள், மாத வாடகை 2,70,000 ரூபாய் எனக் கொள்வோம். மேசை ஒன்றுக்கு 6,750 ரூபாய் ஆகிறது. 80 சுற்றுகளில் கிடைக்கும் 3,200 குறிகளில் 1,760 மட்டுமே 'ஆள் உண்டு' எனில், பயன்பாடு 55 விழுக்காடு. அதாவது சராசரியாக 22 மேசைகள். ஆள் அமர்ந்த மேசைக்கு உண்மைச் செலவு ஏறத்தாழ 12,270 ரூபாய்!

இங்கே அவசரம் கூடாது. சராசரியை நம்பி 22 மேசைகளோடு நிறுத்தினால், கூட்டம் மிகுந்த வேளையில் பலர் நிற்க நேரும். பார்க்க வேண்டியது உச்ச எண். அது 31 என்றால், புதிதாகச் சேரும் ஆறு பேரும் நாள் முழுதும் அமர்ந்திருந்தாலும் 37 மேசைகள் போதும். இடம் மாறத் தேவையில்லை. வெளியே அலையும் விற்பனைப் பிரிவினர் மேசைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவர்களுக்குப் பூட்டுடன் கூடிய அலமாரி தரவேண்டும். கோப்புகளோடு பணிபுரியும் கணக்குப் பிரிவினரை இதில் சேர்ப்பது என் கருத்தில் தவறு.

மாறியே தீர வேண்டுமெனில், பரப்பளவைக் கவனியுங்கள். வாடகை பெரும்பாலும் படிக்கட்டு, மின்தூக்கி, பொது நடைவழி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்த 'சூப்பர் பில்ட்-அப்' பரப்புக்குக் கேட்கப்படுகிறது. மேசை போட முடிவதோ கார்ப்பெட் பரப்பில் மட்டுமே. 3,000 சதுர அடிக்கு 90 ரூபாய் வீதம் என்பது, உள்ளே 2,000 சதுர அடிதான் எனில், 135 ரூபாயாகிவிடும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் பரப்பை வரையறுத்திருப்பினும், அது விற்பனைத் திட்டங்களுக்கு உரியது. வாடகை ஒப்பந்தத்தில் அப்பரப்பை எழுதித் தருமாறு நாமே கேட்க வேண்டும்.

கணக்கெடுப்பை ஊழியர்களிடம் முன்னரே அறிவித்துவிடுங்கள். தாளில் மேசை எண் இருக்கட்டும், பெயர் வேண்டாம். உளவு பார்ப்பதாக எண்ணினால் அந்தப் பத்து நாள்களும் எல்லோரும் இருக்கையைவிட்டு எழமாட்டார்கள்; கணக்கு பொய்த்துவிடும். பருவமும் முக்கியம்: தணிக்கையாளர் அலுவலகத்தை மே மாதத்தில் எண்ணினால் பாதி காலியாகத் தோன்றலாம், செப்டம்பர் இறுதியில் நடக்கவும் வழி இராது.