பழைய சேணப் பொருட்கள் விற்பனை (இங்கிலாந்து)

பழைய சேணப் பொருட்கள் விற்பனை என்பது, ஒருவர் பயன்படுத்திய சேணம், கடிவாளம், அங்கவடி, குதிரைப் போர்வை, சவாரிக் காலணி முதலியவற்றைத் தம் வட்டாரத்திலேயே பிறருக்கு விற்கும் சிறு சந்தை ஆகும். இங்கிலாந்தில் இது "டாக் சேல்" எனப்படுகிறது. குதிரைக்குப் பூட்டும் சாமான்கள் அனைத்துக்கும் அங்கே "டாக்" என்பது பொதுப்பெயர். ஊர்ப் பொது மண்டபத்திலோ சவாரிப் பள்ளியின் அரங்கிலோ பெரும்பாலும் வார இறுதியில் இது நடைபெறும். விற்பவர் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்துத் தம் பொருட்களைப் பரப்பி வைப்பார்.

இந்தச் சந்தைக்குச் சரக்கு குறையாமல் வருவதற்கு முதற்காரணம் பிள்ளைகள் வளர்வதே. 1929-இல் தொடங்கப்பட்ட போனி கிளப் போன்ற அமைப்புகளில் சிறுவயதிலேயே சவாரி பழகுவோர் பலர். இரண்டு மூன்று ஆண்டுகளில் காலணி சிறிதாகிவிடும். மட்டக்குதிரையும் போதாமல் போகும். குதிரை மாறினால் சேணமும் மாற வேண்டும். சேணம் ஏறுபவருக்கு மட்டுமன்றி, குதிரையின் முதுகுக்கும் பொருந்தியாக வேண்டும். புதிய தோல் சேணம் 1,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், பழையதை விற்றுப் புதியதற்குச் சேர்ப்பது பல குடும்பங்களின் வழக்கம்.

சேணத்தைச் சோதித்தல்

விற்பனைக்கு வைக்கும் சேணத்தில் இரண்டு அளவுகளைக் குறிப்பிட வேண்டும். ஒன்று இருக்கையின் நீளம். முன்புறம் பக்கவாட்டிலுள்ள ஆணித்தலையிலிருந்து பின்மேட்டின் நடுப்பகுதி வரை அங்குலத்தில் அளக்கப்படுவது. பெரியவர்களுக்கான சேணங்கள் பெரும்பாலும் 16 முதல் 18 அங்குலம் வரை இருக்கும். மற்றொன்று, குதிரையின் தோள்மேட்டின் மீது அமரும் முன்பகுதியின் அகலம். முதல் அளவை மட்டும் எழுதி வைப்பவர்களே அதிகம். குதிரைக்குப் புண் வராமல் காப்பது இரண்டாவது.

தோலின் பளபளப்பு விலையை ஏற்றும். ஆனால் சேணத்தின் உண்மையான மதிப்பு, கண்ணுக்குத் தெரியாத உட்சட்டத்தில் இருக்கிறது. முற்காலத்தில் பீச் மரத்தால் செய்யப்பட்டதால் அதற்கு ஆங்கிலத்தில் "மரம்" என்றே பெயர். இன்று ஒட்டுப்பலகை, எஃகுப் பட்டை, செயற்கைப் பொருள் ஆகியவற்றாலும் செய்கிறார்கள். குதிரை சேணத்தோடு தரையில் புரண்டாலோ, சேணம் உயரத்திலிருந்து விழுந்தாலோ அந்தச் சட்டம் விரிசல் விடலாம். வெளியே தோலில் ஒரு கீறலும் இராது. உடைந்த சட்டம் ஏறுபவரின் எடையை முதுகெங்கும் பரப்பாமல் ஓரிடத்தில் அழுத்தும். வலி தாங்காத குதிரை துள்ளும்; ஏறுபவர் விழுவார்.

இதை அறிய எளிய வழி உண்டு. சேணத்தின் முன்மேட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பின்மேட்டை இரு கைகளாலும் தன் பக்கம் இழுக்க வேண்டும். எஃகுப் பட்டை வைத்த சட்டம் சிறிது வளைந்து உடனே நிமிரும். உடைந்ததோ நடுவில் மடங்கி, இருக்கைத் தோலில் சுருக்கம் விழும். முனகல் ஓசையும் கேட்கலாம். பின்னர் முன்பகுதியின் இரு கால்களையும் உட்புறமாக அழுத்தியும் வெளியே விரித்தும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தகுதி பெற்ற சேணத் தொழிலாளரிடம் காட்டிவிட்டு விற்பதே முறை.

வார்களில் தையலைக் கவனிக்க வேண்டும். தோல் உறுதியாக இருக்கும்போதே நூல் மக்கிவிடுவது உண்டு. அங்கவடி வாரை மடித்துப் பார்த்தால் துளைகளைச் சுற்றியுள்ள வெடிப்பு தெரியும். வழக்கமாக இடப்பக்கமிருந்தே குதிரையில் ஏறுவதால், இட வார் வல வாரைவிட நீண்டு போயிருக்கும். பக்கம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய வார்கள் சமமாக இருக்கும். சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்பதை இந்த ஒன்றே சொல்லிவிடும்.

விற்கக் கூடாதவை

தலைக்கவசம் மேசைக்கு வரவே கூடாது. அதன் உள்ளே இருக்கும் நுரைப்பொருள் அடியைத் தாங்கி நசுங்குவதன் மூலமே தலையைக் காக்கிறது. ஒருமுறை நசுங்கிய இடம் மறுபடி காக்காது. மேலோட்டில் அடையாளமும் தெரியாது. "இதைப் போட்டு யாரும் விழுந்ததில்லை" என்ற உறுதிமொழி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சிமெண்டுத் தரையில் கைதவறி விழுந்ததை யார் நினைவில் வைத்திருப்பார்? பாதுகாப்புத் தரங்களும் மாறுகின்றன. நெடுங்காலம் நடைமுறையில் இருந்த பழைய ஈ.என். 1384 முத்திரை மட்டும் கொண்ட கவசங்களைப் பிரிட்டிஷ் சவாரி அமைப்புகள் 2016 முதல் ஏற்பதில்லை. பழைய கவசத்தின் வார்களை அறுத்து எறிந்துவிடுவதே நல்லது. நுரை வைத்த உடற்கவசத்துக்கும் இதே காரணம் பொருந்தும்.

நோய்

பொருளோடு நோயும் கைமாறக்கூடும். தொண்டை நிணநீர்க் கட்டிகள் வீங்கிச் சீழ் பிடிக்கும் "ஸ்ட்ராங்கிள்ஸ்" என்ற குதிரை நோய், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வி என்னும் பாக்டீரியாவால் வருகிறது. வாளி, கடிவாளம் வழியாகவும் பரவும். படர்தாமரைப் பூஞ்சையின் வித்துகள் தோலிலும் மரத்திலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். எனவே சேணச் சோப்பால் துடைத்துப் பளபளப்பாக்கினால் மட்டும் போதாது, கிருமிநாசினியும் வேண்டும். போர்வைகளைத் துவைத்தே விற்க வேண்டும். நோய் கண்ட லாயத்திலிருந்து எதையும் அந்தச் சமயத்தில் சந்தைக்குக் கொண்டு செல்லக் கூடாது.

சட்டம்

வணிகர் அல்லாத தனியாள் விற்கும்போது, கடையில் வாங்குபவருக்கு 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பு கிடைக்காது. ஆயினும் 1979-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டப்படி, பொருள் விற்பவர் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். "சட்டம் உறுதி" என்று அட்டையில் எழுதி, உடைந்த சேணத்தை விற்றவர் பணத்தைத் திருப்பித் தர நேரலாம்.

லாயங்களில் சேணத் திருட்டு அடிக்கடி நிகழ்வதால், உரிமையாளர்கள் தோலின் மறைவான பகுதியில் அஞ்சல் குறியீட்டைப் பொறித்து வைப்பதுண்டு. 1990-களின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் ஒரு விந்தையான விதி நடைமுறையில் இருந்தது: முறையான திறந்த சந்தையில் பகல் வெளிச்சத்தில் நல்லெண்ணத்தோடு வாங்கிய பொருள், திருட்டுப் பொருளாக இருந்தாலும் வாங்கியவருக்கே சொந்தமாகும். 1994-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அந்த விதியை நீக்கிவிட்டது. இன்று திருட்டுச் சேணத்தை வாங்கியவர் அதை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். கொடுத்த பணத்தை விற்றவரிடம்தான் கேட்க முடியும். அதனால், அனுபவமுள்ள விற்பனையாளர்கள் சேணத்தோடு அதை வாங்கிய ரசீதையும், தம் குதிரையின் மீது அது பூட்டியிருக்கும் பழைய புகைப்படம் ஒன்றையும் மேசையில் வைக்கிறார்கள்.