ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன்னே

ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் நெருங்கும்போது நம் கோவில்கள் சிலவற்றின் முற்றத்தில் வண்டிகள் வரிசையாக வந்து நிற்பதைக் காண்கிறோம். வாழை மரமும் மாலையும் கட்டிய லாரிகள். அவற்றின் கண்ணாடியோரத்தில் தோளில் குழந்தையைச் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபரின் படம். 1969-இல் திருச்சபை தன் பொது நாட்காட்டியைத் திருத்தி அமைத்தபோது இப்புனிதரின் விழாவை அந்தந்த இடத்தாரின் வழக்கத்திற்கு விட்டுவிட்டது. ஆயினும் சாலையே வாழ்வாகிப்போன ஓட்டுநர் உள்ளத்திலிருந்து அவரை எந்த நாட்காட்டியும் அகற்றவில்லை.

குருவானவர் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரிக்கிறார். நன்று. ஆனால் அவ்வண்டியில் ஏறி அமரும் இளைஞன் அதை ஓட்ட உண்மையாகவே கற்றவன்தானா? இக்கேள்வியை நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரும் பெயரும் வேண்டா. தந்தை லாரி ஓட்டியவர், காலமாகிவிட்டார். மகனுக்கு வயது 22. கார் ஓட்டும் உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையின் தொழிலையே மேற்கொள்ள விரும்பினான். தாய் தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பணம் கட்டினார். "அம்மா, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பையன் தினமும் வந்து அலைய வேண்டியதில்லை" என்றார் அங்கிருந்தவர். இது சலுகையென்று தாய் மகிழ்ந்தார். மகன் மொத்தம் ஆறு நாட்கள் சென்றான். லாரியில் நால்வர் ஏறுவர். முறை வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் ஓட்டுவர். பின்பு ஒருநாள் பதிவேடு ஒன்றை அவன் முன் வைத்து, முப்பது வரிகளிலும் கையெழுத்திடச் சொன்னார்கள். இட்டான். உரிமமும் வந்தது.

வேலையும் கிடைத்தது. முதல் நாளே, பாரம் ஏற்றிய லாரியைக் கிடங்கினுள் பின்னோக்கி எடுக்குமாறு முதலாளி கூறினார். வண்டி சுவரை நோக்கிச் சென்றது. அங்கு நின்றிருந்த சுமைத் தொழிலாளர் ஒருவர் மயிரிழையில் விலகித் தப்பினார். "இறங்கப்பா, போய்க் கற்றுக்கொண்டு வா" என்று முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று மாலை தாயும் மகனும் பங்குக் குருவிடம் சென்றனர். "சாமி, பணத்தை வாங்கி ஏமாற்றியவர் அவர். ஏமாந்தது நாங்கள். அப்படியிருக்க, இவன் மனம் ஏன் இப்படி வேதனைப்படுகிறது? பாவம் இவனுக்கும் உண்டா?" என்று கேட்டார் அத்தாய். குரு கூறிய மறுமொழியைப் பின்னர் சொல்வோம். முதலில், இத்தகைய வலையில் நம் பிள்ளைகள் விழாதிருக்க அறிய வேண்டியவற்றை அறிவோம்.

சட்டம் கேட்பது என்ன?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் இதைத் தெளிவாகவே வரையறுத்துள்ளன. லாரி போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் கனரக வாகனத்திற்குரிய பழகுநர் உரிமம், அதாவது நம் மக்கள் எல்.எல்.ஆர். என்று சொல்வது, கிடைக்கும். மருத்துவர் நேரில் சோதித்துத் தரும் சான்றும் வேண்டும். பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழியுமுன் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல இயலாது.

இவற்றோடு, அரசு உரிமம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் பயின்றதற்கான 5-ஆம் எண் படிவச் சான்றிதழும் தேவை. கனரக வாகனப் பயிற்சி 30 நாட்களுக்குக் குறையாமலும், மாணவன் தானே வண்டி ஓட்டிய நேரம் 15 மணிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஓட்டுவதோடு பாடம் முடிவதில்லை. வண்டியைப் பேணுதல், தீ விபத்தைத் தடுத்தல், காயமுற்றோர்க்கு முதலுதவி செய்தல் ஆகியனவும் பாடத்திட்டத்தில் அடங்கும். 2021 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி அங்கீகாரம் பெறும் பெரிய பயிற்சி மையங்களில் இப்படிப்பு 6 வாரம், 38 மணி நேரம் என வகுக்கப்பட்டுள்ளது. அப்படியாயின் 15 மணி நேரம் என்பது எவ்வளவு சிறிய அளவு என்பதை எண்ணிப் பாருங்கள். அதிலும் திருடுகிறவரை என்னென்று சொல்வது?

முன்பு போக்குவரத்து வாகன உரிமத்திற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயமாக இருந்தது. 2019-இல் அவ்விதி நீக்கப்பட்டது. ஆகவே, "எட்டாம் வகுப்புச் சான்றிதழ் நாங்களே ஏற்பாடு செய்கிறோம், அதற்குத் தனிப் பணம்" என்று எவரேனும் கூறினால், அவர் தேவையற்ற பொருளைப் பொய்யாகச் செய்து விற்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

எப்படி இனங்காண்பது?

நேர்மையாகப் பயிற்சி தருவோர் பலர் உளர். அவர்களுடைய பள்ளியில் அரசு வழங்கிய உரிமமும் பயிற்றுநர்களின் பெயர்களும் எல்லாரும் காணும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கும். அப்படி வைக்க வேண்டுமென்பதே விதி. பயிற்றுநர் பத்தாம் வகுப்புத் தேறியவராகவும், ஐந்தாண்டுகளாவது வண்டி ஓட்டிய பட்டறிவும் மோட்டார் இயந்திரப் படிப்புச் சான்றும் உடையவராகவும் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்டறியப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டா.

அடுத்து, பயிற்சி லாரியைப் பாருங்கள். பயிற்றுநர் அமரும் பக்கத்திலும் பிரேக் இருக்கிறதா? பயிற்சிக்குரிய வண்டியில் இந்த இரட்டைக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டாயம். அது இல்லாத வண்டியில், மாணவன் தவறு செய்யும் அந்த நொடியில் பயிற்றுநரால் செய்யக்கூடியது கூச்சலிடுவது ஒன்றுதான்.

மூன்றாவதாக, கணக்கைக் கேளுங்கள். மூன்று மாணவர் ஏறிய லாரி ஒரு மணி நேரம் ஓடினால், ஒருவருக்குக் கிடைப்பது இருபது நிமிடமே. அதை ஆளுக்கு ஒரு மணி நேரமென எழுதுவது பொய்க் கணக்கு. மாணவன் ஓட்டிய நேரத்தைக் குறிக்கப் பள்ளியில் தனிப் பதிவேடு உண்டு. அதில் நாள்தோறும் மாணவனும் பயிற்றுநரும் கையெழுத்திட வேண்டும். ஓட்டாத நாளுக்குக் கையெழுத்திடச் சொல்பவர், தம் பொய்க்கு உங்கள் மகனைச் சாட்சியாக்குகிறார்.

நான்காவதாக, வாக்குறுதிகளை எடை போடுங்கள். "பத்தே நாளில் உரிமம்", "தேர்வுக்கு நிற்க வேண்டா", "ஆய்வாளரை நாங்கள் கவனித்துக்கொள்வோம்", "மருத்துவர் கையெழுத்து எங்களிடமே இருக்கிறது" என்னும் சொற்கள் யாவும் எச்சரிக்கை மணிகள். விதிகளுக்குப் புறம்பாக உரிமம் வாங்கித்தர இயலும் என்று மாணவரை நம்பச் செய்வதைப் பயிற்சிப் பள்ளிகளுக்கான விதிகள் வெளிப்படையாகவே தடை செய்துள்ளன. எனவே "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்று பெருமை பேசுபவர், தம் பள்ளியின் உரிமத்திற்கே ஊறு செய்யும் குற்றத்தைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்.

இறுதியாக, கட்டும் பணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். அரசுக் கட்டணம் இவ்வளவு, பள்ளிக் கட்டணம் இவ்வளவு எனப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். உரிமம் கைக்கு வந்தபின், அதன் எண்ணை அரசின் 'சாரதி' இணையத்தளத்தில் இட்டு, பதிவேட்டில் அது உண்மையாகவே உள்ளதா எனப் பாருங்கள். அட்டை அச்சிட்டுக் கொடுக்கும் மோசடிக்காரரும் இருக்கிறார்கள். மோசடியாலோ பொய்த் தகவலாலோ பெற்ற உரிமத்தைப் பறிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அப்போது போகும் பணமும் காலமும் நம்முடையவை.

ஆறு குழந்தைகள்

"எல்லாரும் இப்படித்தானே வாங்குகிறார்கள்? ஓட்ட ஓட்டத் தானே பழகிவிடும்" என்பார் உண்டு. அவர்களுக்காக அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம்.

1994 நவம்பர் 8-ஆம் நாள். மில்வாக்கி நகரருகே நெடுஞ்சாலையில் லாரி ஒன்று சென்றுகொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் ஓர் இரும்புப் பாகம் கழன்று தொங்கியது. அதைக் கண்ட பிற லாரி ஓட்டுநர்கள் தம் வானொலிக் கருவி வாயிலாக எச்சரித்தனர். அவனுக்கு அவர்கள் பேசிய ஆங்கிலம் விளங்கவில்லை. அப்பாகம் சாலையில் விழுந்தது. பின்னால் வந்த வேன் அதன்மீது ஏறியது. எரிபொருள் தொட்டி கிழிந்து தீப்பற்றியது. அவ்வேனில் சென்றவர்கள் ஒரு சபைப் போதகரும் அவர் மனைவியும் அவர்களுடைய ஆறு குழந்தைகளும். பெற்றோர் தீக்காயங்களுடன் பிழைத்தனர். ஆறு குழந்தைகளும் மாண்டனர்.

அந்த லாரி ஓட்டுநர் இலினாய் மாநிலத்தில் லஞ்சத்தின் வழியாக உரிமம் பெற்றவர் என்பது பின்னர் வெளியாயிற்று. உரிம ஊழலைப் பற்றி நடந்த நெடிய விசாரணையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். லஞ்சப் பணத்தில் ஒரு பகுதி, அந்நாளில் உரிமங்களை வழங்கும் துறைக்குத் தலைவராக இருந்த ஜார்ஜ் ரயன் என்பவரின் தேர்தல் நிதிக்குச் சென்றிருந்தது. பிற்காலத்தில் அம்மாநில ஆளுநராகவும் விளங்கிய அவர், 2006-இல் ஊழல் குற்றங்களுக்காக ஆறரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

பணம் கொடுத்தவன், வாங்கியவன், இடையில் நின்றவன் ஆகிய எவனும் அன்று ஒரு குழந்தையைக் கொல்ல நினைக்கவில்லை. ஒவ்வொருவனும் ஒரு சிறு பொய்யைத்தான் செய்தான்.

2007-இல், இடம்பெயர்வோர்க்கான திருப்பீட அவை சாலைப் பயணம் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, அதில் ஓட்டுநர்க்கெனப் பத்துக் கட்டளைகளையும் வகுத்துத் தந்தது. அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது கொலையைத் தடுக்கும் கட்டளையே. சாலையில் காட்டும் பொறுப்பின்மை ஐந்தாம் கட்டளையைத் தொடுகிறது என்பதைத் திருச்சபை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

நம் பங்கு என்ன?

பயிற்றுநரை மட்டும் குறை கூறி நாம் கைகழுவிவிடலாகாது. பள்ளியின் வாசலில் நின்று நாம் கேட்கும் முதற்கேள்வி என்ன? "எத்தனை நாளில் கிடைக்கும்? எவ்வளவு குறைப்பீர்கள்?" என்பதுதானே? "என் மகன் எத்தனை மணி நேரம் ஓட்டுவான்?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? முழு நேரமும் கற்பித்து அதற்குரிய கட்டணம் கேட்கும் நேர்மையாளரை விட்டு, குறுக்கு வழி காட்டுபவரைத் தேடிப் போகிறவர்கள் நாமே. நேர்மையான பயிற்றுநர் கடையை மூடினால், அதில் நமக்கும் பங்குண்டு.

எனவே பெற்றோரே, கேள்வியை மாற்றிக் கேளுங்கள். பங்கிலுள்ள மூத்த லாரி ஓட்டுநர்களிடம் எந்தப் பள்ளியில் உண்மையாகக் கற்பிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஏமாற்றப்பட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். விதி மீறிய பள்ளியின் உரிமத்தை நிறுத்தி வைக்கவும் நீக்கவும் அதிகாரம் உண்டு. தனியே செல்ல அஞ்சினால், பங்குப் பேரவையினர் இருவரைத் துணைக்கு அழையுங்கள்.

குரு கூறிய மறுமொழி

இனி, அத்தாயின் கேள்விக்கு வருவோம். குரு சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு இவ்வாறு கூறினாராம்: "அம்மா, உங்களிடம் திருடியது அவர் பாவம். முப்பது வரிகளில் இட்ட கையெழுத்து இவனுடையது. அதனால்தான் மனச்சான்று இவனை உறுத்துகிறது. அது கெட்டதன்று, ஆண்டவர் இவனோடு பேசுகிறார். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறோமே, தம்பி, நீ எதைத் திருப்பிக் கொடுப்பாய்? கற்றேன் என்று எழுதினாய் அல்லவா? அந்தப் பதினைந்து மணி நேரத்தையும் கற்றுத் தீர். அதுவே உன் பரிகாரம்."

அந்த இளைஞன் அவ்வாறே செய்தான். உரிமம் சட்டைப்பையில் இருக்க, தன் தந்தையின் நண்பரான முதிய ஓட்டுநர் ஒருவரிடம் கிளீனராகச் சேர்ந்தான். டயரில் காற்றுப் பார்த்தான், தார்ப்பாய் கட்டினான், வெற்று லாரியை ஆளில்லாத மைதானத்தில் பின்னோக்கி எடுத்துப் பழகினான். தனியே வண்டி எடுக்க அப்பெரியவர் இசைவு தந்தபோது எட்டு மாதங்கள் கழிந்திருந்தன. அன்று அவன் தாய் முதற்காரியமாகக் கோவிலுக்கு வந்து மெழுகுதிரி ஏற்றினார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருந்தது. ஆயினும் தம் மகன் ஓட்டும் சாலையில் பிறர் பிள்ளைகள் அச்சமின்றி நடக்கலாம் என்ற நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

கிறிஸ்தோபரின் தோளில் இருந்த குழந்தை ஆற்றின் நடுவே வரவரக் கனத்தது என்பது பழங்கதை. தாம் சுமப்பது யாரை என்பதை அவர் கரையேறிய பின்னரே அறிந்தாராம். லாரியின் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் ஒவ்வோர் இளைஞனும், பாரத்தோடு சேர்த்து, எதிரே வரும் முன்பின் அறியாத மனிதரின் உயிரையும் சுமக்கிறான். அந்தச் சுமையைத் தாங்கும் வலிமையை நேர்மையான பயிற்சியால் நம் பிள்ளைகள் பெறுமாறு, இறைவன் அவர்களுக்கும் அவர்களுக்குக் கற்பிப்போர்க்கும் துணை நிற்பாராக.