ஒரே மாரடைப்பு, ஒருவருக்கு 80 பவர், இன்னொருவருக்கு 20 பவர்! இருதய மாத்திரையில் எது சரி?

மாரடைப்பு வந்து பிழைத்த 2 பேர் சந்தித்தால் போதும். மாத்திரை அட்டை வெளியே வந்துவிடும். தூத்துக்குடி பஜாரானாலும் சரி, அதற்கு வடக்கே தருவைகுளம் கடற்கரையானாலும் சரி, பேச்சு ஒன்றுதான்.

"எனக்கு எம்பது பவர் எழுதியிருக்காங்க. அண்ணாச்சிக்கு இருபதுதானா?"

"எம்பதா? ஈரலைத் தின்னுரும்லா! பாதியா உடைச்சுப் போடு தம்பி!"

இந்தப் பேச்சை நம்பி மாத்திரையைப் பாதியாக உடைப்பவர்கள் உண்டு. அடியோடு நிறுத்துபவர்களும் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

எண் ஒன்று, வேகம் வேறு

இது "ஸ்டாடின்" வகை மாத்திரை. ஈரல் கொழுப்பு தயாரிப்பதைக் குறைக்கும். ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை ஈரல் இழுத்துக்கொள்ளும். ரத்தக் குழாயில் ஏற்கெனவே படிந்த கொழுப்பு வெடித்து அடைப்பு உண்டாகாமல் காக்கும்.

இதில் முக்கியமாக 2 ரகம். ஒன்று அடோர்வாஸ்டாடின், மற்றொன்று ரோசுவாஸ்டாடின். அடோர்வாவில் 40, 80 மில்லிகிராம் பெரிய அளவு. 10, 20 நடுத்தரம். ரோசுவாவில் 20 மில்லிகிராமே பெரிய அளவு. 5, 10 நடுத்தரம்.

ஆகவே, பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அண்ணாச்சியின் "வெறும் இருபது" ரோசுவாவாக இருந்தால், அதுவும் வேகமான மருந்துதான்!

14 மாத்திரை

2023 ஜூனில் தமிழக அரசு "இதயம் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு அங்கேயே 14 மாத்திரை கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் திட்டம்.

ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. இந்த எட்டும் 10 மில்லிகிராம் மாத்திரைகள். கூட்டினால் 80!

"அங்கே எட்டு கொடுத்தாங்க, வீட்டுக்கு ஒண்ணுதானா?" என்று குழம்ப வேண்டியதில்லை. அது ஆபத்து நேரத்து முதல் வேளை. தினசரி அளவு தனி.

100-க்கு 2 பேர்

பெரிய அளவு நல்லதா, நடுத்தரம் நல்லதா? இருதய நோயாளிகள் 10 ஆயிரத்து 1 பேரை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2005-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு அடோர்வா 10; பாதிப் பேருக்கு 80. சுமார் 5 ஆண்டு கவனித்தார்கள்.

மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் சாவு போன்றவை 10 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 100-க்கு 11 பேரை மடக்கின. 80 சாப்பிட்டவர்களில் 9 பேரை. அதாவது 100 பேரில் 2 பேர் கூடுதலாகத் தப்பினார்கள். ஆனால் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் கணக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்.

ஈரல் பரிசோதனையில் கோளாறு தெரிந்தது 80-ல் 1000-க்கு 12 பேர். 10-ல் 1000-க்கு 2 பேர். "ஈரலைத் தின்னும்" என்பது மிகைதான். அதற்காகப் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது.

8 மடங்கு மருந்து 8 மடங்கு பலன் தராது என்பதையும் கவனிக்க வேண்டும். அளவை இரட்டிப்பாக்கினால் கெட்ட கொழுப்பு மேலும் 6 சதவீதம் வரைதான் இறங்கும்.

கொரியாவில் கண்டது

தென் கொரியாவில் 4 ஆயிரத்து 400 இருதய நோயாளிகளிடம் வேறு வழி பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு எடுத்த எடுப்பில் பெரிய அளவு. மற்றவர்களுக்கு கெட்ட கொழுப்பு 50-க்கும் 70-க்கும் நடுவே வரும்படி அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. 3 ஆண்டில் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம் 8.7 சதவீதம், மறு பக்கம் 8.1 சதவீதம். அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தவர்கள் எதையும் இழந்துவிடவில்லை!

அதே நாட்டில் 2022-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில், நடுத்தர ரோசுவாவோடு எசிடிமைப் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்ததும் பெரிய அளவுக்கு ஈடு கொடுத்தது. ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர்களும், அளவைக் குறைத்தவர்களும் அதில் குறைவு.

மாரடைப்பு வந்த புதிதில் டாக்டர்கள் பெரும்பாலும் பெரிய அளவில்தான் தொடங்குகிறார்கள். வயது முதிர்ந்தவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அளவு மாறும். அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். மெடிக்கல் கடையோ, பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல.

வலை இழுக்கும் தோள்

"மாத்திரை போட்டா உடம்பு வலிக்கி" என்பது அடுத்த புகார். லண்டனில் நடந்து 2020-ல் வெளியான ஒரு சோதனை சுவாரசியமானது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியவர்களுக்குச் சில மாதம் அசல் மாத்திரை, சில மாதம் வெற்று மாத்திரை கொடுத்தார்கள். அசலில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது!

வலை இழுக்கும் தோள் மாத்திரை இல்லாமலும் வலிக்கும். ஆனால் தசை முழுவதும் தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடலுக்குப் போனால்?

தருவைகுளம் படகுகள் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவை. போனவர்கள் சொன்ன நாளில் திரும்புவார்கள் என்பது நிச்சயமில்லை. 2024 ஆகஸ்டில் இவ்வூர்ப் படகுகள் 2-ஐயும், 22 மீனவர்களையும் இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது.

எனவே அரிசி, ஐஸ் ஏற்றும்போதே மாத்திரை அட்டையும் கணக்குக்கு மேலே ஏற வேண்டும். அடோர்வாவையும், ரோசுவாவையும் பகலிலோ இரவிலோ எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஒருநாள் விட்டுப்போனால், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

மாத்திரை தொடங்கியோ, அளவை மாற்றியோ 1 முதல் 3 மாதத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். சீட்டில் எல்.டி.எல். என்ற வரியைப் பார்க்கவும். இருதய நோயாளிக்கு அது 70-க்குக் கீழே இறங்க வேண்டும். ஆபத்து மிக அதிகமுள்ளவருக்கு 50-க்குக் கீழே என்கிறது இந்திய டாக்டர்களின் கொழுப்புநோய்ச் சங்கம். அட்டையில் உள்ள எண்ணை விட, இந்த எண்தான் முக்கியம்!